பூவராகன் கேட்ட ஒரு வார்த்தை

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் சிதம்பரத்துப் பெரிய மனிதர்களுக்கு லண்டனைப் பற்றி ரொம்பக் கவலை வந்துவிட்டது. பேப்பரைத் திறந்தால் அதே பேச்சு. கறுப்புத் தோல்காரன் நினைத்தபோது வந்து இறங்க முடியாதபடி அங்கே சட்டம் போட்டுவிட்டார்களாம். வாடகை வீட்டுக் கதவில் கறுப்பருக்கு இடமில்லை என்று அட்டை தொங்குகிறதாம். விடலாமா இதை? ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பட்டிமன்றம் வைத்துவிட்டார்கள். ‘இன்றைய பிரிட்டனில் வாழ்க்கை சுகமா, துயரமா?’ மண்டபத்து வாசலில் நாலு மாதமாகச் சாக்கடை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. வேட்டியைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டிக் குதித்துத்தான் அத்தனை பேரும் பிரிட்டனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உள்ளே போனார்கள்.

மங்கம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவள் கடலூர் முதுநகரை ஒட்டிய கடலோரக் குப்பத்துக்காரி. காலைப் பாசஞ்சரில் கருவாட்டுக் கூடையோடு சிதம்பரம் வந்து, விற்றுவிட்டு, சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புகிறவள். அன்றைக்கு நெத்திலி கொஞ்சம் மிச்சம் விழுந்துவிட்டது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தவள், மண்டபத்துத் தெரு முனையில் சட்டென்று நின்றாள். விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயரைச் சொன்னார்கள். அடுத்துப் பேச வருபவர் முதுநகர் தந்த நாவலர், தமிழாசிரியர் தில்லைநாதன் அவர்கள்.

“நம்ம வாத்தியார் ஐயா!” என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “எங்க ஊரு வாத்தியாருங்க. எனக்கு லெட்டர் படிச்சுக் குடுக்கறவரு” என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கூடையை இறக்கிக் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பெருமைப்பட நியாயம் இருந்தது. அவள் புருஷன் பூவராகன் கடலூர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் படகில் வேலை பார்த்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனவன் இங்கிலாந்தில் இறங்கி, வடக்கே ஒரு ஊரில் இரும்பு உருக்கும் ஆலையில் சேர்ந்துவிட்டான். ஏழு வருஷமாயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. இருக்கிறதெல்லாம் கடிதம்தான். அவன் அஞ்சாவது படித்தவன், தானே எழுதுவான். இவளுக்கு எழுத்தென்றால் ஒன்றும் தெரியாது. கடிதம் வந்ததும் தில்லைநாதன் வாத்தியார் வீட்டுக்கு ஓடுவாள். அவர் படித்துச் சொல்வார், இவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவார், ஒரு காசு வாங்கமாட்டார். குடிசை மழைக்கு ஒழுகும் என்று கடிதங்களைக்கூட அவர் அலமாரியிலேயே கொடுத்து வைத்திருந்தாள். சாமிக்கு அடுத்தபடி அவரைத்தான் கும்பிட்டாள், பாவி.

குழாயில் முதலில் எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்தார் வாத்தியார். அவருக்கு முன்னால் பேசிய வக்கீல் வைத்திலிங்கம், பிரிட்டனில் விடிந்தால் வாசலில் பால் புட்டி இருக்கும், ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டான், கடையில் ராணி வந்தாலும் வரிசையில்தான் நிற்பாள் என்றெல்லாம் நேரில் பார்த்தவர் மாதிரி அளந்துவிட்டுப் போயிருந்தார். அவர் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. “வக்கீல் அவர்கள் பால் புட்டியைப் பார்த்தார், அந்தப் பாலைக் குடிக்க முடியாத நம் தமிழனைப் பார்த்தாரா?” என்று வாத்தியார் கேட்க, மண்டபம் கைதட்டிற்று. மங்கம்மாவும் தட்டினாள்.

“எங்கள் கடலோரத்துத் தொழிலாளி ஒருவன். பெயர் வேண்டாம். ஏழு ஆண்டுகளாக அங்கே இரும்பு ஆலையில் வேகிறான். ஓர் அறையில் ஆறு பேர். மூன்றே கட்டில். பகல் வேலைக்காரன் எழுந்தால் அந்தச் சூட்டிலேயே இரவு வேலைக்காரன் படுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குளியல். தெருவில் நடந்தால் பையன்கள் காறித் துப்புகிறார்கள்!”

மங்கம்மாவுக்குச் சிரிப்பு நின்றது. யாரைச் சொல்கிறார்? நம் குப்பத்திலிருந்து வேறு யார் போனது? அவள் பூவராகனுக்குத் தனி அறை, ஜன்னல் பக்கம் கட்டில். வாத்தியார்தான் படித்துச் சொல்லியிருக்கிறார்.

“ஒரு நாள் ஊரிலிருந்து கப்பலில் வேலை செய்கிற ஒரு நண்பன் மூலமாக அவனுக்கு ஒரு பொட்டலம் வருகிறது. மனைவி ஆசையாக அனுப்பியது. என்ன தெரியுமா? நெத்திலிக் கருவாடு!” வாத்தியார் அந்தச் சொல்லை இழுத்துச் சொல்லி நிறுத்தினார். மண்டபத்தில் சிரிப்பு கிளம்பிற்று. “வாய் ஊறி, அடுப்பில் போட்டு வறுத்தான். வாசனை மாடி ஏறியது. வீட்டுக்காரி வெள்ளைக்காரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். செத்த பிணம் எதையோ எரிக்கிறான் என்று போலீசைக் கூப்பிட்டுவிட்டாள்!” சிரிப்பு இடிபோல் வந்தது. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அந்த ராத்திரியே பெட்டியும் படுக்கையும் தெருவில். முழங்கால் ஆழம் பனி. வறுத்த கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் கொட்டகையில் விடிய விடிய நின்றான் நம் தமிழன்!”

மங்கம்மாவின் கை தன்னால் கூடைக்குள் போனது. போன ஐப்பசியில் கப்பலுக்குப் போகிற ராஜமாணிக்கத்திடம் அவள்தான் கொடுத்தனுப்பினாள். தலை கிள்ளி, மண் போக அலசி, மறுபடியும் வெயிலில் காயவைத்து, துணியில் தைத்து. மாசியில் பதில் வந்தபோது வாத்தியார் என்ன படித்தார்? கருவாடு வந்து சேர்ந்துச்சாம், ரொம்ப ருசியாம், கூட இருக்கறவங்கல்லாம் பங்கு கேட்டாங்களாம். அதைக் கேட்டுவிட்டு சித்திரையில் இன்னொரு பொட்டலம் அனுப்பினாள். ஆடியில் மூன்றாவது. அந்த மூன்றாவது இந்த நிமிஷம் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

வாத்தியார் இப்போது குரலைத் தாழ்த்தினார். அழ வைக்க வேண்டிய இடம் வந்துவிட்டது, குரலைத் தாழ்த்துவதில் அவர் கெட்டிக்காரர். “நனைந்த கையோடு மனைவிக்குக் கடிதம் எழுதினான். ‘என்னால் முடியவில்லை. ஊருக்கு வந்துவிடட்டுமா? புதுச் சட்டத்தில், வந்தால் திரும்ப விடமாட்டார்களாம். ஆகையால் உன்னைக் கேட்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த கப்பலில் ஏறுகிறேன்.’ அந்த மனைவி என்ன பதில் எழுதினாள்? இந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தேன் நான்! ‘நீ அங்கயே நல்லபடியா இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.’ பார்த்தீர்களா? மாதா மாதம் வருகிற பணம், பெற்ற பாசத்தையும் கட்டிய பாசத்தையும் எப்படி மரத்துப்போகச் செய்கிறது! இதைவிடவா ஒரு துயரம் வேண்டும்?”

மண்டபம் முழுக்க “ச்சே” என்றது. டீக்கடைக்காரரும் சொன்னார். “காசு ருசி கண்ட பொம்பளம்மா. இவளெல்லாம் ஒரு பொண்டாட்டி.”

மங்கம்மா எழுந்தாள். அந்த வார்த்தைகள் அவளுடையவைதான். மாசி மாதம் வாத்தியார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, “இன்னா எழுதட்டும்?” என்று அவர் கேட்டபோது, எல்லாக் கடிதத்துக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். மாமா நீ அங்கயே நல்லபடியா இரு, எனக்கு ஒரு கொறையும் இல்ல, ஒடம்பப் பாத்துக்க. அவன் என்ன கேட்டிருந்தான் என்று அவளுக்கு யார் சொன்னது? கேள்வியை முழுங்கிவிட்டுப் பதிலை மட்டும் தபாலில் போட்டிருக்கிறார் மனுஷன். பனியில் நின்றவன் வா என்று சொல்லக் கேட்டால், அங்கேயே இரு என்று அவள் பேரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆறு மாதம். ஆறு மாதமாக அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்று எண்ணியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, சாக்கடையில் கால் வைத்தே நடந்து மண்டபத்துக்குள் நுழைந்தாள். மார்பில் ரிப்பன் குத்திய ஒரு ஆள் குறுக்கே வந்தான். “ஏம்மா, கருவாட்டுக் கூடையோட இங்க எங்க வர்ற? வெளிய போ, வெளிய போ.” அவனை ஒரு தள்ளுத் தள்ளினாள். நாற்காலி வரிசைகளில் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்கள். அந்த வெள்ளைக்காரிக்காக இவ்வளவு நேரம் கொதித்தவர்கள்தான்.

மேடைப்படியில் அவளைப் பார்த்ததும் முதுநகர் தந்த நாவலர் பேச்சை நிறுத்தினார்.

“யாரம்மா நீங்க?” என்றார் நடுவர், ஒரு பெரிய கல்லூரிப் பேராசிரியர்.

“இப்ப ஊரே ச்சேன்னு சொன்னீங்களே, காசுக்கு ஆசப்பட்டுப் புருசனப் பனியில நிக்க வச்சவ. அவ நாந்தான்.”

வக்கீல் வைத்திலிங்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. துள்ளி எழுந்து, “நடுவர் அவர்களே! பிரிட்டனில் குறையே இல்லை என்பதற்கு எதிர் அணியின் சாட்சியே இதோ நேரில்...” என்று ஆரம்பித்தார்.

“யோவ், நீ ஒக்காரு” என்றாள் மங்கம்மா. அவர் உட்கார்ந்தார்.

பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள். அவரிடம் பேசும்போது பழக்கத்தில் மரியாதை வந்தது. “ஐயா, மாசி மாசம் வந்த லெட்டர எனக்குப் படிச்சுச் சொன்னீங்க. இன்னா சொன்னீங்க? இவுங்க எல்லாருக்கும் கேக்கறாப்புல இப்பச் சொல்லுங்க.”

“மங்கம்மா, இது அதுக்கு எடம் இல்ல. வூட்டுக்கு வா, பேசிக்கலாம்.”

“கருவாடு ருசியா இருந்துச்சாம்னு சொன்னீங்களா இல்லியா?”

“சொன்னேன். நீ தனியாக் கெடக்கற பொம்பள. இதெல்லாம் கேட்டா ஒடஞ்சு போயிடுவேன்னுதான்... ஒன் நல்லதுக்குத்தாம்மா.” அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர் அதை நம்பியும் இருக்கலாம். ஆரம்பத்தில் இரக்கப்பட்டுத்தான் மறைத்திருப்பார். அப்புறம் பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள், அலமாரியைத் திறந்தால் கட்டுக் கட்டாகத் துயரம் இருந்தது.

அதற்குமேல் மரியாதை அவள் வாயில் நிற்கவில்லை. “எங்கிட்ட மறைக்கத் தெரிஞ்ச ஒனக்கு ஊருகிட்ட மறைக்கத் தெரியலியா? எம் புருசன் எனக்குன்னு எழுதுனது. நான் அழுதிருப்பேன், மாருல அடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன், அது எம் பாடு. நான் அழ வேண்டியத எடுத்தாந்து இவுங்க சிரிக்கறதுக்குக் குடுத்துட்டியே! ஊருக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கான்யா அந்த மனுசன். அத எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரல. அங்கயே இருன்னு நான் சொன்னத மட்டும் ஒழுங்கா எழுதிப் போட்டியே, ஏன்? அவன் வந்துட்டா லெட்டர் வராது. லெட்டர் வராட்டி ஒனக்குப் பேச என்னா இருக்கு?”

பின்வரிசையில் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். எதற்குச் சிரித்தானோ, அவனுக்கே தெரியாது. மங்கம்மா அந்தப் பக்கம் திரும்பி இரண்டு நொடி பார்த்தாள். பிறகு இடுப்புக் கூடையைத் தூக்கி, மேடை மேசையில் அப்படியே கவிழ்த்தாள். வெள்ளை விரிப்பின்மேல், நடுவருக்குப் போட்ட ரோஜா மாலையின்மேல், ஜெயிக்கிறவருக்கென்று தட்டில் மடித்து வைத்திருந்த பொன்னாடையின்மேல், சரசரவென்று நெத்திலி கொட்டிற்று.

“இதுக்குத்தானே சிரிச்சீங்க? நல்லா மோந்து பாருங்க.”

“லெட்டர எடு” என்றாள் வாத்தியாரிடம். அவர் கைப்பையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். நீல நிற ஏர் லெட்டர்கள். பேசுவதற்கு வசதியாக அங்கங்கே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. “நான் வேணா இப்பவே முழுசாப் படிச்சு...” என்று இழுத்தார்.

“நீ படிச்சது போதும்” என்று பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து அவள் கூடவே வந்தாள். லோகநாயகி, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், இருபத்திரண்டு வயதுக்காரி. “நானும் இப்ப ச்சே சொன்னேன், அக்கா” என்றாள் வாசலில். “மன்னிச்சுக்குங்க. நான் படிச்சுச் சொல்லட்டுமா?”

மங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரு எழுத்து வுடாம?”

“ஒரு எழுத்து வுடாம.”

இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் குழாய் மறுபடி உயிர்பெற்றது. சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் தீர்ப்பும் வந்தது. துயரமே என்று தீர்ப்பளிக்கிறேன், எதிர் அணியைக் கண் கலங்க வைத்த தில்லைநாதன் அவர்களுக்குப் பொன்னாடை. கைதட்டல் கேட்டது. கருவாட்டை உதறிவிட்டுத்தான் போர்த்தியிருப்பார்கள். மங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை, காறித் தெருவோரம் துப்பினாள்.

பிளாட்பார பெஞ்சில் லோகநாயகி மாசி மாதக் கடிதத்தைப் படித்தாள். வாத்தியார் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டதும் இருந்தது. சிவப்புக் கோடு போடாத இடத்தில், ‘கருவாட்டை நீதான் காயவைத்திருப்பாய் என்று தெரிந்தது. தலை கிள்ளியிருந்தது. விற்பதற்கு என்றால் நீ கிள்ளமாட்டாய். தெருவில் நின்றபோதும் கீழே போடவில்லை, எல்லாம் தின்றேன். இனிமேல் அனுப்பாதே’ என்று இருந்தது. கடைசியில், ‘மங்கு, பிள்ளை இல்லாமல் உன்னை விட்டுவிட்டு வந்தது தப்பு. பணம் கொஞ்சம்தான் சேர்த்தேன். ஒரு வலை வாங்கலாம். வா என்று எழுது.’

மங்கு என்ற பேர் அந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட மங்கம்மாவின் காதில் விழவில்லை. அதையும் அந்த ஆள் படிக்காமல் விட்டிருக்கிறான்.

“போன வாரம் ஒண்ணு வந்துச்சு. அதையும் படிம்மா. சௌக்கியம்னுதான் இருக்குன்னாரு.”

அது சின்னக் கடிதம். லோகநாயகி எழுத்து விடாமல் படித்தாள். ‘மங்கம்மாவுக்கு. நீ சொன்னபடி இங்கேயே இருக்கிறேன். கருவாடு அனுப்பாதே என்று எழுதியும் மறுபடி அனுப்பியிருக்கிறாய். இந்த அறையும் போய்விடுமோ என்று பயந்து, பிரிக்காமலே பாலத்திலிருந்து ஆற்றில் போட்டேன். இனி ஊருக்கு வருவதைப் பற்றிக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.’

ஸ்டேஷன் கைகாட்டி இறங்கிற்று. மங்கம்மா சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு புது ஏர் லெட்டரை எடுத்தாள். நாளைக்கு வாத்தியாரிடம் கொடுத்துப் பதில் எழுத வாங்கி வைத்தது.

“என்ன எழுதணும் அக்கா, சொல்லுங்க” என்று லோகநாயகி பேனாவைத் திறந்தாள்.

மங்கம்மா சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். ஏழு வருஷமாக அவள் பேரில் எத்தனை கடிதம் போயிற்று, எல்லாம் அடுத்தவர் கையெழுத்து. இன்னொரு கையெழுத்தில் போனால் அவன் மட்டும் எப்படி நம்புவான்?

“வான்னு எப்பிடி எழுதறது? தரையில போட்டுக் காட்டு.”

லோகநாயகி குனிந்து பிளாட்பாரத்துப் புழுதியில் விரலால் எழுதிக் காட்டினாள். மங்கம்மா அதன்மேல் தன் விரலை வைத்து இழுத்தாள். அழித்தாள், தனியாக இழுத்தாள். கோணிற்று. மறுபடி அழித்தாள். ஆறேழு தடவை. ரயில் வந்து நின்றது. கூடைக்காரிகள் ஏறினார்கள், ஒருத்தி ஜன்னலில் தலையை நீட்டி, “மங்கம்மா, ஏறு, வண்டி எடுத்துருவான்” என்று கத்தினாள்.

மங்கம்மா ஏறவில்லை. கவிழ்த்த காலிக் கூடைமேல் ஏர் லெட்டரை விரித்துப் போட்டு, பேனாவைக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த நீலத்தாள் முழுக்க அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிசாக, கோணலாக, ஒரே ஒரு வார்த்தையை எழுதினாள்.